மலையகத்து வீட்டுக்கு சோலார், காற்றாடி, பேட்டரி மூன்றும் வேண்டுமா?

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். தலவாக்கலைக்குக் கிட்ட ஏழு பேர்ச் காணியில் கட்டிக் கிடைத்த புது வீடு, வீட்டோடு ஒட்டிய சின்னக் கடை, கடையில் ஒரு ஃப்ரீசர். மாதம் 200 யூனிட் வரை ஓடுகிறது, கரண்ட் பில் தாங்க முடியவில்லை. டவுனில் ஒருவர் 3 கிலோவாட் சோலார், 1 கிலோவாட் காற்றாடி, 10 யூனிட் பிடிக்கும் பேட்டரி மூன்றையும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன், மழைக்காலத்தில் வெயில் இல்லாவிட்டால் காற்று இருக்கிறது, இரண்டும் இல்லாவிட்டால் பேட்டரி இருக்கிறது, மின்சார சபை லைனை வெட்டிவிடலாம் என்கிறாராம். கடன் எடுத்துப் போடலாமா, பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் ஒருவரும் இதையே கேட்கிறார் என்கிறார்.

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு விரிவாகப் பார்ப்போம். சோலார் போடுங்கள், ஆனால் 3 கிலோவாட் தேவையில்லை, 2 போதும். காற்றாடி வேண்டாம். பேட்டரி சின்னதாக, கரண்ட் போகிற நேரத்துக்கு மட்டும். லைனை எந்தக் காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். கொஞ்சம் விவரமாக எழுதக் காரணம், நான் பல வருடமாகத் தோட்டத் தொழிற்சாலைகளில் மின் வேலை பார்ப்பவன், இப்போது மலையகத்தில் புது வீடு கிடைத்த நம் ஆட்களிடம் இந்த மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி விற்பதைப் பார்க்கிறேன், வாங்குபவர்கள் ஐந்து வருடத்துக்குத் தவணை கட்ட வேண்டியவர்கள்.

அந்த விற்பனையாளர் சொல்லும் அடிப்படை பொய் இல்லை, அதனால்தான் கேட்கும்போது சரியாகப் படுகிறது. வெயிலும் காற்றும் நீரும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பது இலங்கை முழுவதற்கும் பார்த்தால் நூற்றுக்கு நூறு உண்மை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் மழை குறைவு, வெயில் நன்றாக அடிக்கும், காசல்ரீ, மவுசாகலை அணைகளில் நீர் இறங்கிக்கொண்டே போகும். அப்போது சோலார் கை கொடுக்கும். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கினால் செப்டம்பர் வரை இங்கே வெயிலைக் காண்பது கஷ்டம், ஆனால் அணைகள் நிரம்பும், அதே மாதங்களில் மன்னாரில் காற்று சுழற்றி அடிக்கும். அக்டோபர், நவம்பரில் காற்று ஓய்ந்தாலும் மழை இருக்கிறது. ஆக ஒரு வருடத்தை மாதம் மாதமாகப் பிரித்து வைத்துப் பார்த்தால் மூன்றில் ஏதாவது ஒன்றோ இரண்டோ எப்போதும் இருக்கும். இப்படி வாய்த்த நாடுகள் அதிகம் இல்லை, அதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் எடுப்பது என்று நாடு வைத்திருக்கும் இலக்கும் இந்தப் பலத்தை நம்பித்தான்.

ஆனால் நாட்டுக்குப் பொருந்துவது உங்கள் வீட்டுக் கூரைக்கும் பொருந்தும் என்று இல்லை. அங்கேதான் சிக்கல், முக்கியமாகக் காற்றில்.

காற்றாடியிலிருந்து வரும் சக்தி காற்றின் வேகத்தின் மூன்றாம் படி கணக்கில் ஏறும், இறங்கும். வேகம் பாதியானால் சக்தி பாதி ஆகாது, எட்டில் ஒன்றாகிவிடும். சின்னக் காற்றாடிகளில் 1 கிலோவாட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் நொடிக்கு 11, 12 மீட்டர் வேகக் காற்றில் கிடைப்பது, அது குடை பிடிக்கவே சிரமமான அளவு காற்று. நொடிக்கு 4 மீட்டர் காற்று, அதாவது இலைகள் நன்றாக அசைந்து முகத்தில் படுகிற காற்று அடித்தால், அதே காற்றாடி 40 வாட்டைக்கூடத் தொடாது. ஒரு பழைய குண்டு பல்பு எரியும் அளவு. இதற்கு மேல் மலையில் இன்னொரு குறை, காற்றின் அடர்த்தி. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், அங்கே காற்று கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு வரை லேசாக இருக்கும், அதே வேகத்தில் அடித்தாலும் சக்தி அந்த அளவுக்குக் குறையும். தலவாக்கலை கொஞ்சம் கீழே இருப்பதால் அவ்வளவு இல்லை, ஆனாலும் குறைவுதான்.

இன்னும் பெரிய குறை, வீடுகள் இருக்கும் இடம். நம் லயங்களும் புது வீடுகளும் பெரும்பாலும் மலை மடிப்புக்குள், ஆற்றோரச் சரிவில், தேயிலைக்கு ஆகாத இடத்தில் இருக்கின்றன. மேலே உச்சியில் காற்று வீசும், மடிப்புக்குள் வரும்போது அது சுழன்று திசை மாறி மாறி அடிக்கும், சவுக்கும் டர்பன்டைன் மரமும் இன்னும் குழப்பும். சுழல் காற்று காற்றாடியை ஓட்டுவதை விடத் தாங்கியையும் இறக்கையையும் தேய்ப்பதுதான் அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் 1 கிலோவாட் காற்றாடி நாளுக்கு ஒன்றரை யூனிட் தந்தால் பெரிய விஷயம். அதே காசுக்கு இன்னும் ஒரு கிலோவாட் சோலார் பலகை போட்டால் சராசரியாக நாளுக்கு 3 யூனிட் வரும், அசையும் பாகம் எதுவும் கிடையாது, ஏணி வைத்து ஏறிக் கிரீஸ் போட வேண்டியதில்லை.

மலையில் காற்று மின்சாரமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அம்பேவெலவில் 3 மெகாவாட் காற்றாலை ஓடுகிறது, திறந்த மேட்டுநிலம், தடுக்க ஒன்றும் இல்லை. அப்புத்தளைக் கணவாயில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே ஆளைத் தள்ளும். அதுபோல் கணவாயிலோ மொட்டை உச்சியிலோ உங்கள் நிலம் இருந்தால் பத்து மீட்டர் கம்பத்தில் காற்றுமானி கட்டி ஒரு வருடம் அளந்துவிட்டுப் பேசலாம். அளக்காமல் விற்பவரிடம் வாங்க வேண்டாம், அவ்வளவுதான். உண்மையான காற்று மின்சாரம் இலங்கையில் மன்னாரில் இருக்கிறது. 2020 கடைசியில் தொடங்கிய தம்பபவனி காற்றாலையில் 30 பெரிய காற்றாடிகள், 103.5 மெகாவாட். அது முழு வேகத்தில் ஓடினால் கிடைப்பதில் வருடச் சராசரியாக 40 சதவீதம் அளவு எடுக்கலாம் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள், உங்கள் வீட்டுக் காற்றாடிக்கு அது 6 சதவீதம் வந்தால் அதிகம். அந்த மன்னார்க் காற்று உங்கள் வீட்டுக்கு வருவது லைன் வழியாகத்தான். லைனை வெட்டாதீர்கள் என்று சொன்னதற்கு ஒரு காரணம் இது.

காற்றாடியின் இடத்தை மலையில் எடுக்கக்கூடியது தண்ணீர். வீட்டுக்கு மேலே வருடம் முழுவதும் வற்றாத ஓடை இருந்து, 10 மீட்டர் இறக்கமும் நொடிக்கு 5 லீட்டர் நீரும் கிடைத்தால், பாதி சக்தி வீணாகிறது என்று வைத்தாலும் 245 வாட் வரும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் இரவு பகல் பார்க்காமல் ஓடுவதால் நாளுக்கு 6 யூனிட் கிட்ட ஆகிறது, அதாவது 2 கிலோவாட் சோலாருக்குச் சமம், அதுவும் வெயில் இல்லாத மழை மாதங்களில், பேட்டரியே இல்லாமல். தோட்டங்களில் மின்சார சபை வருவதற்கு வெகு காலம் முன்பே இப்படி ஓடையில் இயந்திரம் வைத்துத் தொழிற்சாலை ஓட்டியிருக்கிறார்கள், சில இடங்களில் அந்தப் பழைய குழாய்களும் துருப்பிடித்த சக்கரங்களும் காட்டுக்குள் இன்னும் கிடக்கின்றன. 1990களிலிருந்து லைன் போகாத கிராமங்களில் மக்கள் சங்கமாகச் சேர்ந்து சின்ன நீர்மின் நிலையங்கள் கட்டி ஓட்டினார்கள், பிறகு லைன் வந்ததும் பலவற்றைக் கைவிட்டுவிட்டார்கள், அது எனக்கு வருத்தமான விஷயம். ஓடை விஷயத்தில் ஒன்று மட்டும் கவனம், அந்த நீரில்தான் கீழே பத்துக் குடும்பம் பீலி, அதாவது தண்ணீர் பிடிக்கும் குழாய், வைத்திருக்கும். அவர்களோடும் தோட்டத்தோடும் பேசி எழுத்தில் வாங்காமல் ஒரு குழாய்கூடப் பதிக்கக்கூடாது.

அப்புறம் பேட்டரி. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பேட்டரிக்கு விலை இருக்கிறது என்று தெரியும், பேட்டரியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை இருக்கிறது என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இப்படிப் பாருங்கள். 10 யூனிட் பிடிக்கும் லித்தியம் இரும்பு பொஸ்பேட் பேட்டரி, அதில் 90 சதவீதம் எடுக்கலாம், ஆக 9 யூனிட். 4,000 தடவை ஏற்றி இறக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36,000 யூனிட். விலை 5 லட்சம் என்றால் ஒரு யூனிட்டைப் பகலில் வாங்கி இரவில் தருவதற்கு மட்டும் 14 ரூபாய் ஆகிறது. சோலாரிலிருந்து அந்த யூனிட்டை எடுத்த செலவு தனி, ஏற்றி இறக்குவதில் பத்தில் ஒரு பங்கு தொலைவது தனி, கடன் வட்டி தனி. இதுவும் தினமும் முழுதாக நிரப்பி முழுதாக எடுத்தால்தான். தினம் ஒரு தடவை என்றால் 4,000 தடவைக்குப் பதினோரு வருடம். நீங்கள் மின்வெட்டுக்காக வைத்து நாலு நாளைக்கு ஒரு முறைதான் பயன்படுத்தினால், பேட்டரிக்கு வயதாகிக் கெடுவதற்குள் 1,000 தடவைதான் ஓடியிருக்கும், அப்போது அதே யூனிட் 55 ரூபாய். ஜூன், ஜூலையில் மூடுபனி இறங்கி ஒரு வாரம் சூரியனையே பார்க்காமல் இருக்கும் ஊரில் பேட்டரி நிரம்பாத நாள் நிறைய, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லைனை வெட்டிவிட்டு முழுக்க இதிலேயே வாழ்வது என்றால், அந்த மூடுபனி வாரத்தைத் தாங்கும் அளவுக்குப் பேட்டரி வாங்க வேண்டும், 10 யூனிட் எல்லாம் பற்றாது, உங்கள் வீட்டுக்கு ஒன்றரை நாள்கூட வராது. ஃப்ரீசரில் இருக்கும் சாமானும் போய்விடும், கடனும் இருக்கும்.

சரி, எந்த நிலைமையில் சோலார், காற்று, பேட்டரி மூன்றும் சேர்ந்து உண்மையாகவே மலிவாகும்? நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது, ஆனால் மலையில் இல்லை. யாழ்ப்பாணத் தீவுகளில். எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கி உதவியோடு இப்படி ஒன்று வைத்தார்கள். அடுத்ததாக நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சேர்த்து இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் திட்டம் போட்டார்கள், 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சோலார், 2,400 யூனிட் பேட்டரி, இவற்றுக்குப் பின்னால் 2,500 கிலோவாட் டீசல் இயந்திரம். அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள், இவ்வளவு வைத்த பிறகும் காற்றும் வெயிலும் இல்லாத நாளுக்கு டீசல் நிற்கிறது. அங்கே இது ஏன் கட்டுபடியாகிறது என்றால், தீவுக்குக் கிரிட் லைன், அதாவது நாட்டு மின்வலையின் இணைப்பு, இல்லை, டீசலைப் படகில் கொண்டுபோய் எரிக்கும் மின்சாரம் மிக விலை கூடியது, கடல் சமதரையில் காற்று தடையில்லாமல் வருகிறது, செலவை ஊரே பகிர்கிறது. உங்கள் வீட்டில் இந்த நாலில் ஒன்றும் இல்லை.

இனி உங்கள் பில். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறை, அது உங்களுக்குத் தெரியும். 60 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு கணக்கு, 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு, பிறகு 90, 120, 180 என்று படிகள், ஒவ்வொரு படிக்கும் நிலையான கட்டணமும் ஏறும். 180க்கு மேல் போகும் யூனிட் முதல் படி யூனிட்டைப் போல நாலைந்து மடங்கு. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏற்றினார்கள், பிறகு இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள், இன்றைய எண்ணை நான் எழுதினால் நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கலாம், ஆனால் இந்தப் படி அமைப்பு அப்படியே இருக்கிறது. அதனால் நீங்கள் சேமிக்க வேண்டியது மொத்த 200ஐ இல்லை, மேலே இருக்கும் விலை கூடிய யூனிட்டுகளை. அதனால்தான் 2 கிலோவாட் போதும் என்றேன். உங்கள் பக்கம் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 3 யூனிட் என்று அடக்கமாக வைத்தாலும் மாதம் 180 யூனிட் வருகிறது. தாழ்நிலத்தில் போடுபவர்கள் நாளுக்கு 4 யூனிட் கணக்குச் சொல்வார்கள், அதை அப்படியே உங்களுக்கு எழுதித் தந்தால் நம்ப வேண்டாம்.

கிரிட்டோடு இணைத்துப் போடும்போது எந்த முறையில் ஒப்பந்தம் என்று பாருங்கள். நெட் அக்கவுண்டிங் முறையில் நீங்கள் பகலில் கொடுத்ததை இரவில் எடுத்ததோடு கழித்து, மிஞ்சினால் காசு தருவார்கள், குறைந்தால் குறைந்த யூனிட்டுக்கு மட்டும் பில். அதாவது பகலில் தந்ததை இரவில் வாங்கிக்கொள்ள லைனே உங்களுக்குப் பேட்டரி, 5 லட்சம் செலவில்லாமல். நெட் பிளஸ் என்பது எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பயன்படுத்துவதற்குத் தனியாகப் பில் கட்டுவது, அது வாங்கும் விலையைப் பொறுத்தது. அந்த விலை 2022 இல் 37 ரூபாய் வரை போய், 2024 இல் 27 ஆகி, 2025 இல் சின்ன அமைப்புகளுக்கு 20 ரூபாய்ச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. ஆகவே விற்றுப் பணம் பார்க்கலாம் என்று பெரிதாகப் போடும் காலம் போய்விட்டது. பேட்டரியில் சேமித்து மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரையான உச்ச நேரத்தில் தந்தால் 45 ரூபாய்க்கு மேல் என்று அதே வருடம் அறிவித்தார்கள். அது நல்ல திருப்பம், ஆனால் உங்கள் அளவு வீட்டுக்கு இல்லை, பெரிய கூரை உள்ளவர்களுக்கு.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வருடத்துக்கு 13 சதவீத வட்டி என்றால் லட்சத்துக்கு மாதம் 2,275 ரூபாய் தவணை. 4 லட்சம் எடுத்தால் 9,100. இந்த எண்ணை உங்கள் பில் குறையும் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவணை கொஞ்சம் கூட இருந்தால் பரவாயில்லை, ஐந்து வருடத்துக்குப் பிறகு பதினைந்து வருடம் பலகை சும்மா தரும். இரண்டு மடங்கு மூன்று மடங்கு வந்தால் போட வேண்டாம், கடை வருமானத்தைத் தின்றுவிடும்.

லயத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கும் இதே கேள்வி என்று சொன்னீர்கள். மாதம் 50 யூனிட்டுக்குள் ஓட்டும் குடும்பத்துக்கு சோலார் கட்டுபடியாகாது, மலிவான படியில் இருப்பதைக் குறைக்கக் கடன் எடுப்பதில் அர்த்தம் இல்லை. அதோடு லயத்துக் கூரை தோட்டத்தினுடையது, தகரமும் பழசு, மரமும் உளுத்திருக்கும், ஆணி அடித்தால் மழை உள்ளே வரும். அந்தக் காசில் முதலில் காம்பராவின், அதாவது லயத்து அறையின், பழைய வயரிங்கை மாற்றி, பூமிக்கம்பி சரியாகப் போட்டு, ஒழுக்கு மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் ஸ்விட்ச் வைக்கட்டும். லயங்களில் தீப்பிடித்து ஒரு வரிசையே எரிந்துபோன செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். சொந்தக் காணி, சொந்தக் கூரை இல்லாத ஆட்களுக்குச் சூரியனும் சொந்தமில்லாமல் போகிறது என்பது எனக்கு ஆறாத கோபம். இந்த மலையில் தேக்கிய தண்ணீரில்தான் இந்த நாடு வெளிச்சம் கண்டது. மவுசாகலை அணைக்குள் பழைய மஸ்கெலியா டவுனே இருக்கிறது, வறட்சியில் நீர் இறங்கினால் கோயில் வெளியே தெரியும். உங்கள் ஊர் மேல் கொத்மலை அணைக்காக எழுந்துபோனவர்களும் நம் குடும்பங்கள்தான்.

அந்த அணையைப் பற்றிச் சொல்லும்போதே சேமிப்பையும் சொல்லிவிடலாம். பேட்டரி என்றால் பெட்டிக்குள் இருப்பது மட்டும் இல்லை. பகலில் சோலார் நிறைய வரும்போது அணையில் மதகை மூடி நீரைப் பிடித்து வைத்து, மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது திறந்தால் அதுவும் சேமிப்புதான், தனியாகச் செலவு கிடையாது. காசல்ரீ, மவுசாகலை மாதக்கணக்கில் பிடித்து வைக்கும். 2012 இல் ஓடத் தொடங்கிய மேல் கொத்மலை 150 மெகாவாட், அதன் குளம் சின்னது, மணிக்கணக்கில்தான் பிடிக்கும், ஆனால் பகலுக்கும் மாலைக்கும் இடையில் மாற்றிவிட அது போதும். இதற்கு அடுத்த படி, கீழே போன நீரைப் பகல் சோலாரால் மறுபடி மேலே ஏற்றி இரவில் இறக்குவது. அரநாயக்க, நாவலப்பிட்டிப் பக்கம் மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்கு அப்படி ஒரு திட்டம் பேச்சில் இருக்கிறது. நான்கு யூனிட் கொடுத்தால் மூன்றுக்குக் கொஞ்சம் மேல் திரும்பக் கிடைக்கும், பேட்டரியை விட வீண் கூட, ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் நிற்கும்.

இது ஏன் அவசரம் என்று 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் தெரிந்தது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதில் தொடங்கி நாடு முழுவதும் இருண்டது. ஆட்கள் குரங்கைப் பற்றித்தான் பேசினார்கள், உள் விஷயம் வேறு. விடுமுறை நாள் பகலில் தேவை குறைவு, கூரை சோலார் நிறைய, கனமாகச் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடின. பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வர்ட்டர்களுக்கு அப்படிச் சுழன்று அதிர்ச்சியைத் தாங்கும் எடை இல்லை, ஓர் அதிர்ச்சியில் எல்லாம் விலகிவிட்டன. நுரைச்சோலை நிலக்கரி நிலையம் மறுபடி எழ நாட்கள் பிடித்தன, மின்வெட்டு வந்தது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலார் வைத்திருப்பவர்களைப் பகல் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். பகலில் கொட்டுகிறது, மாலையில் இல்லை. நாட்டில் கூரை சோலார் 1,000 மெகாவாட்டைத் தாண்டிய பிறகு அடுத்த காசு பலகையில் போகக்கூடாது, சேமிப்பிலும் லைனிலும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துணை மின்நிலையங்களில் பெரிய பேட்டரி வைக்க விலைமனு கேட்டது அந்த வழியில் ஒரு படி.

தொழிற்சாலை ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் எழுதுகிறேன், தம்பி பொறுக்கவும். தேயிலை ஸ்டோரின், அதாவது தொழிற்சாலையின், கூரை பெரிது, அதனால் சோலார் பொருந்தும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கொழுந்து பகலில் வந்து இரவு முழுக்க வாட்டில், அதாவது விசிறிக் காற்றில் ஈரம் போக, கிடக்கிறது, மின்விசிறிகள் ஓடுவது மாலையிலிருந்து விடியும் வரை, உருட்டுவது விடியற்காலை. சூரியன் இருக்கும் நேரத்தில் பாதி இயந்திரம் சும்மா இருக்கும். உச்ச நேரமான ஆறரை முதல் பத்தரை வரை கட்டணம் மிக அதிகம், பத்தரைக்குப் பிறகு விடியற்காலை ஐந்தரை வரை மலிவு. பேட்டரி வாங்கும் முன் செய்ய வேண்டியது விசிறிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. காற்றாடியைத் தண்டிக்கும் அதே மூன்றாம் படி விதி இங்கே உதவி செய்கிறது, விசிறி வேகத்தை 80 சதவீதமாக்கினால் அது தின்னும் மின்சாரம் பாதியாகிறது. உச்ச நேரத்தில் மெதுவாக ஓட்டிப் பத்தரைக்குப் பிறகு கூட்டினால் வாட்டு கெடாது, பில் இறங்கும். ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும்போது இன்னும் சுலபம். இதை முடித்த பிறகு மிஞ்சும் உச்ச நேரத் தேவைக்கு அளந்து பேட்டரி போட்டால் அது தினமும் வேலை செய்யும், அதனால் காசு எடுத்துவிடும்.

மறுபடி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பலகையை எந்தப் பக்கம் வைப்பது என்று கேளுங்கள், பெரும்பாலானவர்கள் தெற்கு என்பார்கள், அது வேறு நாட்டுப் பாடம். நாம் பூமத்திய ரேகைக்கு 7 பாகை பக்கத்தில் இருக்கிறோம், திசை பெரிய வித்தியாசம் செய்யாது, ஆனால் நம் பக்கம் காலை தெளிவாகவும் பகல் ஒரு மணிக்குப் பிறகு முகில் ஏறியும் இருப்பதால் கிழக்குச் சரிவுக் கூரை இருந்தால் அதில் போடுங்கள். எதிர்மலையின் நிழல் காலை எத்தனை மணிக்கு விலகுகிறது, மாலை எப்போது விழுகிறது என்று இரண்டு நாள் பார்த்து எழுதி வையுங்கள், சில வீடுகளில் அதுவே ஒரு மணி நேர வெயிலைத் தின்றுவிடும். குளிர் நமக்கு உதவி, பலகை சூடாகச் சூடாக விளைச்சல் குறையும், ஒவ்வொரு பாகைக்கும் 0.4 சதவீதம் வரை, அந்த இழப்பு கொழும்பு வெயிலை விட இங்கே குறைவு.

பேட்டரி சின்னதாக என்றேன், அதன் காரணம் பில் இல்லை. கிரிட்டோடு இணைத்த சாதாரண இன்வர்ட்டர் லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், லைனில் வேலை செய்பவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண்சரிவில் கம்பங்கள் சாய்ந்து மலையகத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன, போனும் வேலை செய்யவில்லை. அப்படிப்பட்ட நேரத்துக்கு விளக்கு, போன், ரவுட்டர், ஃப்ரீசருக்கு நாளில் கொஞ்ச நேரம் என்று 2, 3 யூனிட் பேட்டரி போதும், அதற்கு லைன் போனாலும் தனியே ஓடும் வகை இன்வர்ட்டர் வேண்டும். ஈய அமில பேட்டரி மலிவு என்று தருவார்கள், அதில் பாதிதான் எடுக்கலாம், மூன்று நாலு வருடத்தில் மாற்ற வேண்டும், குளிரில் இன்னும் சோரும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் வாங்குங்கள். உறைநிலையில் அதை ஏற்றக்கூடாது என்பதால் வெளிக் கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். ஃப்ரீசருக்கு ஒரு டைமர் வாங்கி மாலை ஆறரையிலிருந்து நிறுத்திவிட்டால், மூடியைத் திறந்து திறந்து மூடாமல் இருந்தால், இரவு பத்தரை வரை குளிர் தாங்கும். நெட் அக்கவுண்டிங்கில் இது உங்கள் பில்லைக் குறைக்காது, கரண்ட் போன மாலைகளில் பேட்டரியை மிச்சம் பிடிக்கும்.

வேலைக்காரர் வரும்போது பூமிக்கம்பி எதிர்ப்பை மீட்டரில் அளந்து எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள், நம் பாறை மண்ணில் ஒரு கம்பியை அடித்துவிட்டுப் போனால் பூமி சரியாகக் கிடைக்காது, சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கினால் இன்வர்ட்டர்தான் முதலில் போகும். மின்னல் தடுப்புக் கருவி பலகைப் பக்கமும் லைன் பக்கமும் இரண்டிலும் இருக்க வேண்டும். நாலு வீடும் சேர்ந்து ஒரே ஆளிடம் ஒரே வகை இன்வர்ட்டர் வாங்கினால் விலை பேசலாம், பழுது பார்க்கவும் ஒரே தடவையில் வருவார், ஆனால் ஒப்பந்தமும் மீட்டரும் வீட்டுக்கு வீடு தனியாகவே இருக்கட்டும். கடைசி மூன்று மாதப் பில்லில் யூனிட் எண்ணையும், கூரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும், நிழல் நேரத்தையும் இங்கே எழுதுங்கள், 2 கிலோவாட்டா ஒன்றரையா என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.